கர்ணனின் கிரீடம் சாயவில்லை

2014ஆம் ஆண்டு நமது துறையில் ஒப்படைக்கப்பட்ட ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வேடு ஒன்றில், 1993இல் ஒளிநாடாவில் பதிவான ‘கர்ண மோட்சம்’ தெருக்கூத்தை முன்வைத்து இரண்டு முடிவுகள் எட்டப்பட்டிருந்தன. கர்ணன் வேடமேற்ற கலைஞர் நிமிர்ந்து நிற்கும் காட்சிகளிலெல்லாம் அவரது கிரீடம் உச்சியில் வலப்புறமாகச் சாய்ந்திருக்கிறது. வீழ்ச்சியை முன்னுணர்த்தும் ஒப்பனை உத்தி இது என்பது முதல் முடிவு. விடியலை நெருங்கும் பகுதியில் அடவு முந்தி விழ, மிருதங்கம் பிந்தி ஒலிக்கிறது. உடல் தாளத்தின் அதிகாரத்தை மீறிச் செல்லும் தருணம் இது என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு ஆதரவாகப் பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் இருவர் வரவழைக்கப்பட்டிருந்தனர். புறத்தேர்வாளர் வெகுவாகப் பாராட்டினார்.

நெறியாளராகக் கையொப்பமிட்டவர் நாம்.

இரண்டு முடிவுகளும் பிழை. கிரீடம் சாயவில்லை, மிருதங்கம் பிந்தவும் இல்லை. சாய்த்ததும் பிந்தச் செய்ததும், அந்த ஒளிநாடாவைக் கணினிக்கு மாற்றிக் குறுவட்டில் தந்த ஒரு கருவி. கர்ணனுக்குப் பின்னால் குழல்விளக்குக் கட்டிய மூங்கில் ஒன்று நிற்கிறது. அதுவும் உச்சியில் அதே பக்கமாக, அதே அளவுக்கு வளைந்திருந்தது. மூங்கிலுக்குக் குறியீட்டு அர்த்தம் தேட எவருக்கும் தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை.

இதை இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கூத்துப் பதிவுகள், எழுத்தாளர் சந்திப்புகள், மறைந்த புலவர்களின் சொற்பொழிவுகள் என்று வீட்டுப் பரண்களில் கிடக்கும் ஒளிநாடாக்களை ‘டிஜிட்டல் ஆக்கும்’ ஆர்வம் இலக்கிய நண்பர்களிடையே பெருகியிருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் எப்படி மாற்றினீர்கள், எந்தக் கருவி, இடையில் எத்தனை சட்டகம் விடுபட்டது என்று கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது: “படம் தெரிகிறது, குரல் கேட்கிறது, அப்புறம் என்ன?” அண்மையில் மூத்த நண்பர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். அலை, வோல்ட், மைக்ரோநொடி என்பதெல்லாம் பொறியாளர் கவலை, நாம் உள்ளடக்கத்தைப் பார்ப்பவர்கள் என்றார். ஏட்டுச்சுவடியையும் பாடபேதத்தையும் பற்றி நாள் முழுக்கப் பேசக்கூடியவர் அவர். அவருக்கும், அவரைப் போன்றோருக்கும், 2014இன் நமக்கும் சேர்த்தே இந்த மறுப்பு.

*

நாற்பதைத் தாண்டிய வாசகர்கள் ஒன்றை நினைவுகூர வேண்டும். அந்தக் காலத் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்திலோ, முன்பக்கச் சிறு கதவுக்குள்ளோ ‘வி ஹோல்டு’, ‘எச் ஹோல்டு’ என்று இரண்டு திருகுகள் இருக்கும். ஞாயிறு மாலைப் படத்தின் நடுவே திரை திடீரென உருளத் தொடங்கும். மொட்டைமாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்பியபடி “இப்பத் தெரியுதா?” என்று கூவ, கீழே இன்னொருவர் அந்தத் திருகோடு மல்லுக்கட்டுவார். உருளும் இரு படங்களுக்கு நடுவே ஒரு கறுப்புப் பட்டை ஏறிப் போகும். அந்தப் பட்டைக்குள், உற்றுப் பார்த்தால், கறுப்பைவிடக் கறுப்பான சில கட்டைக் கோடுகள் தெரியும். நமது விஷயம் அந்தக் கோடுகள்தாம். ஒழுங்காக ஓடும் படத்தில் கண்ணுக்குத் தெரியவே கூடாதவை அவை.

ஒளிநாடாக் கருவியிலிருந்து வரும் மஞ்சள் முனைக் கம்பியில் படமும் படத்துக்கான ஆணைகளும் ஒன்றாகவே ஓடுகின்றன. அலையின் முழு உயரம் 1 வோல்ட். கறுப்பு முதல் வெள்ளை வரை படத்துக்கு 0.7 வோல்ட். எஞ்சிய 0.3 வோல்ட் கறுப்புக்கும் கீழே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் படம் ஒருபோதும் இறங்காது. அது ஒத்திசைவுக் குறிகளுக்காக ஒதுக்கப்பட்ட இடம். நாம் பயன்படுத்திய பிஏஎல் முறையில் (தமிழில் ‘பால்’ என்று எழுதினால் வாசகர் ஆவின்பாலையோ முப்பாலையோ நினைக்கக்கூடும்) ஒரு சட்டகத்துக்கு 625 வரிகள், நொடிக்கு 25 சட்டகங்கள். ஆக நொடிக்கு 15,625 வரிகள். ஒரு வரிக்கு 64 மைக்ரோநொடி. ஒவ்வொரு வரியின் தலைப்பிலும் 4.7 மைக்ரோநொடி அளவுக்கு அலை பள்ளத்தில் விழுந்து எழுகிறது. ‘இங்கே புதிய வரி’ என்பது அதன் பொருள். அதை அடுத்து நிறத்துக்குச் சுருதி கூட்டுவதுபோல 4.43 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 10 சிற்றலைகள். அதன் பிறகே படம். 64இல் படம் சுமப்பது சுமார் 52 மைக்ரோநொடி. மற்றதெல்லாம் ஓரம்.

ஒரு சட்டகம் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரண்டு புலங்களாகப் பிரிந்து வரும். நொடிக்கு 50 புலங்கள். ஒவ்வொரு புலத்தின் தொடக்கத்திலும் அகன்ற பள்ளங்கள் ஐந்து, அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒடுங்கிய பள்ளங்கள் ஐந்தைந்து. அது ‘இங்கே புதிய பக்கம்’. உருளும் திரையில் நாம் பார்த்த கட்டைக் கோடுகள் இவையே. 625 வரிகளில் படம் ஏந்துபவை ஏறத்தாழ 576தான்.

நமது ஏட்டுச்சுவடிகளில் புள்ளி கிடையாது. தொல்காப்பியம் மெய்யெழுத்துக்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி விதித்திருந்தும், எழுத்தாணியால் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்ற அச்சமே அதைக் கைவிடக் காரணம் என்பார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை, வரி மடங்கும் இடத்துக்கும் அடி முடியும் இடத்துக்கும் தொடர்பும் இல்லை. படிப்பவர் யாப்பையும் பொருளையும் கொண்டு தாமே புள்ளியிட்டு, தாமே சீர்பிரித்துப் படித்தார். நல்ல வாசகர் கையில் சுவடி பேசும். யாப்பறியாத எழுத்தரிடம் கொடுத்துப் பெயர்த்தெழுதச் சொன்னால் என்ன ஆகும் என்பதைப் பதிப்பாசிரியர்கள் போதுமான அளவு புலம்பியிருக்கிறார்கள். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டி முதல் வகை வாசகர். நமது குறுவட்டைத் தயாரித்த கருவி இரண்டாம் வகை எழுத்தர்.

*

ஒளிநாடா ஏன் இத்தனை சங்கடமான சுவடியாக இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

ஜே.வி.சி. 1976இல் அறிமுகம் செய்த வி.எச்.எஸ். முறையில் நாடாவின் அகலம் 12.7 மில்லிமீட்டர். நாடா நொடிக்கு 23.39 மில்லிமீட்டர் வேகத்தில் மெல்ல நகர, 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை நிமிடத்துக்கு 1,500 சுற்றுகள் சுழல்கிறது. உருளையில் எதிரெதிரே இரண்டு படிப்புத் தலைகள். ஒவ்வொரு தலையும் நாடாவின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு கிழிக்கும், அந்தக் கோடு ஒரு புலம். நாடாவின் கீழ் விளிம்பில் நொடிக்கு 25 துடிப்புகள் கொண்ட தனித்தடம் ஒன்று உண்டு. எந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதை இயந்திரம் அதைக் கொண்டு அறிகிறது. (சுவடியின் இடப்புற ஓரத்தில் ஏட்டெண் இருப்பதுபோல என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. உவமைகளைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வோம்.)

இதெல்லாம் பிளாஸ்டிக் நாடா, ரப்பர் பட்டை, சிறு மோட்டார் ஆகியவற்றை நம்பி நடக்கிறது. முப்பது ஆண்டுகள் பரணில் கிடந்த நாடா வெயிலில் இளகியிருக்கும், ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கும். பதிவு செய்த டெக் வேறு, ஓட்டும் டெக் வேறு. இழுவிசை ஒரு சிறிது மாறினாலும் 64 மைக்ரோநொடியில் வரவேண்டிய வரித்துடிப்பு முன்னதாகவோ தாமதமாகவோ வரும். எவ்வளவு என்று கேட்கலாம். கணினிக்காக ஒரு வரியைக் கூறுபோடும் சர்வதேச வழக்கு நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் மாதிரிகள், அதாவது 13.5 மெகாஹெர்ட்ஸ். எனவே ஒரே ஒரு மைக்ரோநொடி பிசகினால் அந்த வரி பதின்மூன்றரைப் படப்புள்ளி நகர்ந்து நிற்கும். இரண்டு தலைகளும் வேலையைக் கைமாற்றிக்கொள்ளும் இடம் படத்தின் அடியில், புலத்துடிப்புக்குச் சில வரிகள் முன்னால் வருகிறது. இழுவிசைக் கோளாறு அங்கேதான் ஒரு தாவலாக வெளிப்படும். பெறும் கருவி அந்தத் தாவலிலிருந்து நிதானம் அடைவதற்குள் அடுத்த புலத்தின் முதல் சில வரிகள் ஓடிவிடும். ஆகவே படத்தின் உச்சி கொடிபோல ஒருபக்கம் வளையும்.

கர்ணனின் கிரீடம் இருந்தது அங்கே.

படக்குழாய்த் தொலைக்காட்சியில் இதே நாடாவை ஓட்டினால் வளைவு அநேகமாகத் தெரியாது. நாடா தள்ளாடினால் அதன் மின்கற்றையும் கூடவே தள்ளாடும். அடுத்த துடிப்பு எங்கே வருகிறதோ அங்கிருந்து வரையத் தொடங்கும். அதற்கு முன்பின் நினைவு இல்லை, அந்த நினைவின்மையே அதன் பெருந்தன்மை. கணினிக்கான கேப்சர் கருவியோ ஒழுங்கான துடிப்பை எதிர்பார்க்கும்படி அமைக்கப்பட்டது. துடிப்பு கொஞ்சம் பிசகினால் வளைத்து எழுதும். கூடுதலாகப் பிசகினால் புதிய பக்கம் தொடங்கியதே தெரியாமல் ஒரு முழுச் சட்டகத்தை விழுங்கிவிடும். மிக மோசமானால் நீலத்திரை. நீலத்திரை வந்தால் நல்லது என்பது நமது இப்போதைய அபிப்பிராயம், குறைந்தபட்சம் அது பொய் சொல்வதில்லை.

விழுங்கப்பட்ட சட்டகத்தோடு ஒலி விழுங்கப்படுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒலி தனிக் கம்பியில், பல கருவிகளில் தனிக் கடிகாரத்தோடு கணினிக்குப் போகிறது. ஒரு சட்டகம் 40 மில்லிநொடி. மூன்று மணி நேர நாடாவில் மொத்தம் 2,70,000 சட்டகங்கள். அதில் 14 தொலைந்தால் நாடா முடியும்போது படம் ஒலியைவிட அரை நொடிக்கு மேல் முந்தியிருக்கும். 2,70,000இல் 14! எந்த அச்சுக்கோப்பாளரும் பெருமைப்படக்கூடிய துல்லியம். ஆனால் அடவு தரையில் விழும் கணமும் மிருதங்கத்தில் கை விழும் கணமும் ஒன்றாக இருப்பதே கூத்து. அரை நொடி போனால் அங்கே கூத்து இல்லை, இரு வேறு நிகழ்ச்சிகள்தாம் இருக்கின்றன.

*

நண்பரின் ‘உள்ளடக்க’ வாதத்துக்கு இப்போது வருவோம். புறநானூற்றை எடுத்துப் புரட்டினால் 266ஆம் பாடலுக்கு அடுத்து 269 நிற்கும். 267, 268 கிடைக்கவில்லை. கிடைத்த பாடல்களிலும் அடி சிதைந்த இடங்களில் புள்ளிக்கோடுகள் இடப்பட்டிருக்கும். பாட்டு இல்லை, அதன் எண் இருக்கிறது. சொல் இல்லை, அது இருந்த இடம் இருக்கிறது. அந்த வெற்றிடத்தைக் காப்பாற்றியதும் பதிப்பாசிரியரின் பணி. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த நாளிலிருந்து உ.வே.சாமிநாதையர் நமக்கு விட்டுச்சென்ற ஒழுக்கத்தின் சாரம் இதுவே என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். இதை மறுப்பவர் எவரையும் நாம் இதுவரை சந்தித்ததில்லை.

ஒரு பதிப்பாசிரியர் 267உம் 268உம் இல்லாததைக் கண்டு, 269ஐ 267 என்று எண் மாற்றி, 398 பாடல்களை வரிசைப்படுத்தி, நூலுக்குப் ‘புறநானூறு, முழுமையானது’ என்று பெயரிட்டு வெளியிட்டிருந்தால் அவரை என்ன சொல்லியிருப்போம்? சட்டகங்களை ஓசையின்றி விழுங்கி, இடைவெளியை மூடி, ஒழுங்கான ஒரு கோப்பாகத் தரும் மாற்றம் அதைத்தான் செய்கிறது. தொலைந்தது தொலைந்ததாகத் தெரியாமல் தொலைவது சாதாரண இழப்பு அல்ல. நாடாவில் படம் அழிந்து வெறும் இரைச்சல் மட்டும் இருக்கும் இடத்திலும், ஒத்திசைவுத் துடிப்பு பிழைத்திருக்குமானால், ‘இங்கே இத்தனை சட்டகம் இருந்தன’ என்று அது சொல்லிக்கொண்டிருக்கும். அது 267 என்ற எண். அதை வீசிவிட்டு உள்ளடக்கத்தைக் காப்பாற்றினேன் என்பவர் எதைக் காப்பாற்றினார்?

இடைச்செருகலுக்கும் இங்கே இடமுண்டு. எண்பதுகளின் நடுப்பகுதியில் அமெரிக்கத் திரைப்பட நாடாக்களில் மாக்ரோவிஷன் என்றொரு திருட்டுத் தடுப்பு முறை புகுந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கறுப்புப் பட்டை வரிகளில், போலி ஒத்திசைவுத் துடிப்புகளையும் அவற்றை ஒட்டி அளவுக்கு மீறிய வெள்ளை முகடுகளையும் செருகினார்கள். தொலைக்காட்சி அவற்றைப் பொருட்படுத்தாது. நகலெடுக்கும் வி.சி.ஆர். மட்டும் ஏமாந்து படத்தை இருட்டடித்தும் வெளுக்கவிட்டும் கெடுக்கும். 1998இல் அமெரிக்கச் சட்டம் ஒன்று, வி.சி.ஆர். கருவிகள் இந்தக் குறிக்குக் கட்டுப்பட வேண்டும் என்றே விதித்தது. பின்னாளில் வந்த பல கேப்சர் கருவிகள் இந்தக் குறியைக் கண்டால் பதிவு செய்ய மறுத்தன. நைந்த நாடாவின் தள்ளாட்டமும் இரைச்சலும் சில நேரம் அந்தக் குறிபோலவே தோன்றுவதால், தன் தாயின் திருமணப் பதிவை மாற்ற முயன்றவரிடம் ‘இது காப்புரிமை பெற்றது’ என்று கருவி கைவிரித்த கதைகள் உண்டு. போலிக்குப் பயந்து மூலத்தைப் புறக்கணிக்கும் பதிப்பாசிரியர் நம்மிடையேயும் உண்டென்பதால் இதை இத்தோடு விடுவோம்.

*

நமது குற்றத்தையும் முழுமையாகச் சொல்லிவிடுகிறோம். துறையின் முன்னாள் பேராசிரியர் ஒருவர் ஊரூராகச் சென்று பதிவு செய்து வைத்திருந்த நாடாக்கள் 14. 2012இல் அவற்றை மாற்றித் தரும் பொறுப்பு நம்மிடம் வந்தது. கல்யாண வீடியோ எடுத்துப் பழகிய ஒரு கடையில் கொடுத்தோம். ஒரு வி.சி.ஆர்., ஒரு சிறிய யுஎஸ்பி கருவி, ஒரு கணினி. நடுவில் வேறு எதுவும் இல்லை. கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை, கல்யாணப் படத்தில் தாலி கட்டும் கணம் அரை நொடி முந்தினாலும் கெட்டிமேளம் கேட்கத்தான் செய்யும். குறுவட்டுகள் வந்தன. முதல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம், தெளிவாகத்தான் இருந்தது. (தொடக்கத்தில் ஒலியும் படமும் பிரிந்திருக்காது. பிரிவு சேரச் சேர வளர்வது.) அலமாரியில் இடம் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. நாடாக்களைக் கழிக்கச் சம்மதித்துக் கடிதம் எழுதினோம். பழைய பொருள் எடுப்பவர் 11 நாடாக்களை எடுத்துச் சென்றார். மூன்று மட்டும் நமது வீட்டில் கிடந்ததால் தப்பின. பாதுகாக்கும் நோக்கம் எல்லாம் இல்லை, திருப்பிக் கொடுக்க மறந்ததுதான்.

அந்த மூன்றில் ஒன்று ‘கர்ண மோட்சம்’. 2022இல், மின்னணுவியலில் ஈடுபாடுள்ள நண்பர் ஒருவர் அதை முறையாக மாற்றிக் காட்டினார். அவர் செய்தது பெரிய மந்திரம் அல்ல. வி.சி.ஆருக்கும் கணினிக்கும் நடுவே ஒரு ‘டைம் பேஸ் கரெக்டர்’, சுருக்கமாக டி.பி.சி., வேலையைச் செய்யும் ஒன்றை வைத்தார். தள்ளாடி வரும் வரிகளைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்து, சீரான புதிய துடிப்புகளோடு வெளியே விடுவது இதன் வேலை. யாப்பறிந்த எழுத்தர் என்று கொள்ளலாம். வரியளவில் திருத்துவது ஒருவகை, முழுச் சட்டகத்தையே வாங்கிப் புதிய ஒத்திசைவோடு அனுப்புவது இன்னொரு வகை. தொழில்முறைக் கருவிகள் விலை கூடியவை. ஆனால் பானசோனிக்கின் இஎஸ்10, இஎஸ்15 போன்ற பழைய டி.வி.டி. ரெக்கார்டர்களின் உள்ளீட்டில் நாடாவின் அலையைக் கொடுத்து வெளியீட்டில் எடுத்தாலே உச்சி வளைவு பெருமளவு நிமிர்ந்துவிடும் என்பதை ஆர்வலர்கள் உலகெங்கும் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். நண்பர் ரிச்சி தெருவில் அலைந்து அப்படியொன்றைத் தேடிப் பிடித்திருந்தார். பதிவுக்கு விர்ச்சுவல்டப் என்ற இலவச மென்பொருள். அதன் ஓரத்தில் இரண்டு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும்: விடுபட்ட சட்டகம் எத்தனை, ஈடாகச் செருகிய சட்டகம் எத்தனை. அதைப் பார்த்தபோது, பாடபேதத்தை அடிக்குறிப்பில் தரும் பதிப்பைக் கண்டதுபோல இருந்தது. மூன்று மணி நேரத்தின் முடிவில் இரண்டும் பூஜ்யம்.

திரையில் கிரீடம் நேராக நின்றது. மூங்கிலும் நின்றது. விடியற்காலப் பகுதியில் கர்ணன் சுழன்று வந்து கால் ஊன்றுகிறான். மிருதங்கம் அந்தக் காலுக்கு அடியிலிருந்தே எழுவதுபோல ஒலிக்கிறது. அந்தக் கலைஞர் இன்று இல்லை. மிருதங்கம் வாசித்தவரும் இல்லை. ‘தாளத்தை மீறிய உடல்’ என்று நாம் கையொப்பமிட்டுக் கொடுத்தது, வாழ்நாள் முழுக்கத் தாளம் தப்பாமல் ஆடிய ஒரு மனிதரைப் பற்றி. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதில் பழையதில் விடுபட்டவை 14 சட்டகங்கள் என்று நண்பர் கணக்கிட்டார். மேலே நாம் தந்த எண் கற்பனை அல்ல.

கழிக்கப்பட்ட 11 நாடாக்களின் குறுவட்டுகளும் துறையில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றிலும் உச்சிகள் வளைந்திருக்கின்றன. அவற்றிலும் ஒலி பிந்துகிறது. எங்கெங்கே எத்தனை சட்டகம் போயிற்று என்று அறிய வழியில்லை. ஒப்பிட மூலம் இல்லை.

*

பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. நமது மாநிலத்தின் சிறு கல்லூரிகளுக்கும் தனி ஆர்வலர்களுக்கும் தொழில்முறை ஆய்வகம் கட்டுப்படியாகாது. ஆனால் நாம் கேட்பது ஆய்வகம் அல்ல. மாற்றிய பிறகு நாடாவை எறியாதீர்கள் என்பதற்குச் செலவு ஓர் அட்டைப்பெட்டி. எந்த வி.சி.ஆர்., நடுவில் எந்தக் கருவி, விடுபட்டவை எத்தனை என்று கோப்போடு ஒரு பக்கக் குறிப்பு எழுதுவதற்குச் செலவே இல்லை. நாடாவின் கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பார்ப்பதற்கும்தான். இரண்டு புலங்களையும் பிசைந்து ஒன்றாக்கி நொடிக்கு 25 படமாகச் சுருக்காமல், 50 புலங்களையும் உள்ளபடி வைத்திருப்பதற்கு வன்தட்டில் சிறிது இடம் வேண்டும். இன்று அது கிடைக்கக்கூடியதே. எஃப்.எஃப்.வி.1 என்ற இழப்பற்ற சுருக்கமுறையின் விவரக்குறிப்பு 2021இல் பொது ஆவணமாகவே வெளிவந்துவிட்டது, எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. அதுவே நாடாவை எறியக்கூடாது என்பதற்கு நமது வலுவான வாதமும்கூட. வி.எச்.எஸ்.-டிகோட் என்ற திறமூலத் திட்டத்தினர், வி.சி.ஆரின் மஞ்சள் கம்பியைத் தொடுவதே இல்லை. படிப்புத் தலையிலிருந்து வரும் கச்சா அலையையே, அது படமாகப் பொருள்கொள்ளப்படுவதற்கு முன்பே, கணினியில் சேமித்துக்கொள்கிறார்கள். பிஏஎல் நாடாவில் ஒத்திசைவின் அடிப்பள்ளம் 3.8 மெகாஹெர்ட்ஸிலும் வெள்ளையின் உச்சம் 4.8 மெகாஹெர்ட்ஸிலும் பதிந்திருக்கும். அந்த அலையிலிருந்து துடிப்புகளைத் தேடிக் கண்டுபிடித்து வரிகளை நேராக்குவது முழுக்க மென்பொருளின் வேலை. இன்றைய மென்பொருளுக்குப் பிடிபடாத துடிப்பு பத்தாண்டு கழித்து வரும் மென்பொருளுக்குப் பிடிபடலாம். கருவிக்கும் பெருஞ்செலவு இல்லை. சிஎக்ஸ்2388எக்ஸ் வகைச் சில்லு கொண்ட பழைய டி.வி. கார்டுகளையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள். சுவடியைப் பெயர்த்தெழுதுவதற்குப் பதிலாக ஓலையையே நிழற்படம் எடுத்து வைப்பது இது.

மாறாக, இப்போது பரவிவரும் இன்னொரு பழக்கத்தைப் பார்த்தால் அச்சமாக இருக்கிறது. மோசமாக மாற்றிய கோப்பைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்து ‘4கே தெளிவில்’ வெளியிடுகிறார்கள். வளைந்த கிரீடத்தை அது பளபளக்க வைக்கிறது. நாடாவில் இல்லாத இமைமுடிகளை முகத்தில் வரைகிறது. தொலைந்த சட்டகத்துக்குப் பதிலாகத் தானே ஒன்றைப் புனைந்து வைக்கவும் அதனால் முடியும். கீழே ஆயிரம் பாராட்டுகள். 267ஆம் பாடலைப் புதிதாக எழுதிச் சேர்த்த பதிப்பு வந்தால் இந்த நண்பர்களே எவ்வளவு கொதிப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

காலமும் அதிகம் இல்லை. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே ‘2025 இறுதிக் கெடு’ என்று எச்சரித்தது. நாடாக்கள் நலிவதோடு அவற்றை ஓட்டும் இயந்திரங்களும் பழுது பார்ப்பவர்களும் அதற்குள் அருகிவிடும் என்பது அதன் கணிப்பு. 2016இல் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்தியது, கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்தது அதுவே. 2019இல் யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி ஒளிக் காப்பகச் சங்கமும் அதே அபாயத்தைச் சொல்லி உலகெங்கும் கணக்கெடுத்தன. அவர்கள் குறித்த ஆண்டு வந்து சேர்ந்துவிட்டது. இந்த அவசரத்தைக் காட்டியே ‘எப்படியாவது மாற்றிவிடுவோம்’ என்கிறார்கள். அவசரத்தில் செய்த பிரதிக்குப் பிறகு மூலமும் இல்லாமல் போவதுதான் நமக்கு நடந்தது.

அந்த ஆய்வேட்டை எழுதிய மாணவியிடம் இரு கோப்புகளையும் காட்டினோம். இன்று அவர் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஐயா, அந்த மூங்கிலை நான் பார்க்கவே இல்லையே” என்றார். கல்லூரி நூலகத்தில் உள்ள பிரதியில் ஒரு பிழைதிருத்தத் தாளை ஒட்ட அனுமதி கேட்டோம். ஒப்படைக்கப்பட்ட ஆய்வேட்டில் எதையும் சேர்க்க விதியில்லை என்று பதில் வந்தது. தாளை நான்காக மடித்து அந்தப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறோம். எஞ்சிய இரண்டு நாடாக்களில் ஒன்றில் பூஞ்சை படர்ந்திருக்கிறது. சுத்தம் செய்யாமல் ஓட்டினால் வி.சி.ஆரின் தலையும் போய்விடும் என்கிறார் நண்பர். இன்னொன்றின் மேல் எந்தப் பெயரும் எழுதப்படவில்லை.